ஒரு கடையில் ஒரு கடி... சான் செபஸ்தியானில் ஒரு பின்ச்சோ உலா!

‘பார்’ என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். மங்கலான விளக்கு, பிளாஸ்டிக் டம்ளர், ஆண்கள் கூட்டம் என்று ஒரு படம் மனசுக்குள் ஓடிவிடும். ஸ்பெயினின் வடக்குக் கரையில், பிரான்ஸ் எல்லையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சான் செபஸ்தியானுக்குப் போகிறவர்கள் அந்தப் படத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். அங்கே பார் என்பது நம் ஊர் டீக்கடையும் டிபன் கடையும் சேர்ந்த மாதிரி. மத்தியானம் 1 மணிக்குக் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா நிற்பார். பக்கத்தில் முத்துமாலை போட்ட பாட்டி ஒருவர், தோழியோடு கதை பேசியபடி ஒரு வாய் மீனும் ஒரு மடக்கு ஒயினுமாக நிற்பார். அவர் காலடியில் நாய் படுத்திருக்கும். யாரும் தள்ளாடுவதில்லை. ஏனென்றால், இங்கே யாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து குடிப்பதில்லை. ஒரு கடையில் ஒரு கடி, ஒரு மடக்கு. அடுத்த கடைக்கு நடை. அவ்வளவுதான்.

இந்த ஊரின் மக்கள்தொகை 2 லட்சத்துக்கும் குறைவு. ஆனால், சாப்பாட்டுக்காக உலகம் சுற்றுகிறவர்களின் பட்டியலில் இது பாரிஸுக்கும் டோக்கியோவுக்கும் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பெயரை வாங்கித் தந்ததில் வெள்ளைத் துணி விரித்த ஆடம்பர ஓட்டல்களுக்கும் பங்கு உண்டு. ஆனால், ஊரின் உயிர் இருப்பது பல்குச்சி செருகிய ஒரு துண்டு ரொட்டியில்.

அதன் பெயர் பின்ச்சோ. ‘குத்துவது’ என்ற பொருள் தரும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. ஸ்பெயினின் மற்ற பகுதிகளில் சின்னத் தட்டுகளில் தருகிற உணவை ‘தாபாஸ்’ என்பார்கள். இங்கே அப்படிச் சொன்னால் கடைக்காரர் சண்டைக்கு வர மாட்டார்தான். ஆனால், வந்தவர் வெளியூர் என்பது அந்த நொடியே தெரிந்துவிடும்.

பார்ட்டே வியெஹா என்கிற பழைய நகரம்தான் பின்ச்சோ உலாவின் தலைநகரம். ஒரு பக்கம் உர்குல் குன்று, ஒரு பக்கம் மீன்பிடித் துறைமுகம், இன்னொரு பக்கம் உருமேயா ஆறு. நடுவில் பத்து நிமிடத்தில் குறுக்கே நடந்துவிடக்கூடிய சின்னச் சின்னத் தெருக்கள். அந்தத் தெருக்களில் இரண்டு வாசலுக்கு ஒரு பார். கதவைத் திறந்ததும் கல்யாணப் பந்தி மாதிரி நீளமான கவுன்டர். அதன்மேல் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் முதல் தடவை போகிறவருக்குக் கை தானாகவே நீளும்.

அங்கேதான் முதல் சறுக்கல் நடக்கிறது. பெரிய தட்டு ஒன்றை வாங்கி, கவுன்டரில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்று எடுத்து அடுக்கி, மூலையில் இடம் பிடித்து உட்கார்ந்து, அரை மணி நேரத்தில் வயிற்றை நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள் பல சுற்றுலாப் பயணிகள். உள்ளூர்க்காரர்கள் அப்படிச் செய்வதே இல்லை. ஒவ்வொரு கடைக்கும் ஒரு கைமணம் உண்டு. ஒன்றில் காளான், ஒன்றில் நெத்திலி, ஒன்றில் ஆம்லெட். அந்தக் கடையில் அதை மட்டும் சாப்பிட வேண்டும். அதற்குப் பெயர் போன இன்னொரு கடை நாலு எட்டில் இருக்கும்போது, காளான் கடையில் எதற்கு நெத்திலி?

ஹில்டா என்கிற ‘காரமான’ பெண்

எங்கே ஆரம்பிப்பது என்று குழம்புகிறவர்களுக்குப் பதில் சுலபம். ஹில்டா! ஒரு பச்சை ஆலிவ் காய், உப்பில் பதப்படுத்திய நெத்திலி வகை மீன் ஒன்று, வினிகரில் ஊறிய மெல்லிய பச்சை மிளகாய் இரண்டு மூன்று. மூன்றையும் ஒரு பல்குச்சியில் கோத்தால் ஹில்டா. அடுப்பே வேண்டாம். ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். உப்பு, புளிப்பு, லேசான உறைப்பு என்று நம் ஊர் ஊறுகாய் ருசிக்குப் பழகிய நாக்குக்கு இது அந்நியமாகவே தெரியாது. மிளகாயின் காரத்தைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் எச்சரிப்பார்கள். ஆந்திரா மெஸ்ஸில் சாப்பிட்டுப் பழகியவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

பெயர்க் காரணம் சுவாரஸ்யமானது. ரீட்டா ஹேவொர்த் நடித்து 1946-ல் வந்த ஹாலிவுட் படம் ‘கில்டா’. ஸ்பானிய உச்சரிப்பில் அதுவே ஹில்டா. சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் இறுகிக் கிடந்த ஸ்பெயினில் அந்தப் படம் பெரும் பரபரப்பைக் கிளப்பியது. கதாநாயகி கையுறையைக் கழற்றுகிற ஒரு காட்சிக்கே அவ்வளவு கூச்சல்! அந்தச் சமயத்தில் காஸா வாயேஸ் என்ற பாரில் ஒயினுக்குத் தொட்டுக்கொள்ள ஆலிவ், மீன், மிளகாய் மூன்றையும் தனித்தனியாகத் தருவார்கள். வாடிக்கையாளர் ஒருவர் அவற்றை ஒரே குச்சியில் குத்திச் சாப்பிட ஆரம்பித்தார் என்றும், ‘பச்சை, உப்பு, கொஞ்சம் காரம்... அந்தப் படத்துப் பெண் மாதிரியே’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள் என்றும் ஊரில் சொல்கிறார்கள். ‘பச்சை’ என்ற சொல்லுக்கு ஸ்பானிய மொழியிலும் இரட்டை அர்த்தம் உண்டு. ‘பச்சையாகப் பேசுகிறான்’ என்று நாம் சொல்கிறோமே, அதேதான். பழைய நகரத்துக்கு வெளியே, பெரிய தேவாலயத்தின் பின்புறம் அந்த பார் இன்றும் இருக்கிறது.

ஹில்டாவுக்குப் பிறகு தெருத் தெருவாகப் போகலாம். பெஸ்கதெரியா தெருவில் செபெச்சா என்ற சின்னக் கடை. அங்கே நெத்திலிதான் ராஜா. வினிகரில் பதமாக ஊறிய மீனை வறுத்த ரொட்டித் துண்டில் வைத்து, அதன்மேல் நண்டு, குடமிளகாய், மீன் முட்டை என்று ஏதாவது ஒன்றைப் பூசித் தருவார்கள். சான் ஹெரோனிமோ தெருவில் கன்பாரா. கவுன்டரில் காட்டுக் காளான்களைக் குவித்து வைத்திருப்பார்கள். அவற்றைச் சுடச்சுட வதக்கி, நடுவில் ஒரு முட்டை மஞ்சள் கருவை விட்டுத் தருவார்கள். விலை கொஞ்சம் அதிகம். ஆனால், காளானுக்கு இவ்வளவு வாசனை உண்டு என்பதே பலருக்கு அங்கேதான் தெரியவரும்.

நெஸ்தோர் என்ற பாரின் கதை வேடிக்கையானது. அங்கே உருளைக்கிழங்கு ஆம்லெட் மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று என ஒரு நாளைக்கு இரண்டே இரண்டுதான் போடுவார்கள். முன்னாடியே போய்ப் பெயர் கொடுத்து வைத்தவர்களுக்குத்தான் துண்டு. நேரம் வந்ததும் கடைக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற அதே பதற்றத்தோடு உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள் நிற்பார்கள். ஒரு துண்டு ஆம்லெட்டுக்கு இவ்வளவா என்றால், கொஞ்சம் அதிகம்தான். அதே கடையில் ஆலிவ் எண்ணெயும் கல் உப்பும் தூவித் தரும் தக்காளித் தட்டுக்கு இவ்வளவு கூட்டம் தள்ளுவதில்லை. ருசியில் அது ஆம்லெட்டுக்குக் குறைந்ததில்லை.

கரும்பலகையைப் பாருங்கள்!

கவுன்டரில் அடுக்கியிருப்பது கண்ணுக்கு. நாக்குக்கு வேண்டியது பெரும்பாலும் சுவரில் தொங்கும் கரும்பலகையில் எழுதியிருக்கும். சொன்ன பிறகு உள்ளே சமைத்துச் சூடாகத் தருபவை அவை. போர்தா பெர்ரி, லா குச்சாரா தே சான் தெல்மோ போன்ற கடைகளில் கவுன்டரில் எதுவுமே இருக்காது. எல்லாமே அடுக்களையிலிருந்துதான் வரும். ஒயினில் மணிக்கணக்கில் வெந்த மாட்டுக் கன்னத்து இறைச்சி, இதியாசாபால் என்ற ஆட்டுப்பால் சீஸ் சேர்த்துக் குழைய வேகவைத்த சாதம் மாதிரியான ஒரு பாஸ்தா என்று உள்ளங்கை அளவுத் தட்டில் வரும். பெரிய ஓட்டல் சமையலை நாலு கவளத்தில் அடக்கிய மாதிரி இருக்கும்.

அப்படி இருப்பதற்குக் காரணம் உண்டு. 1976-ல் ஹுவான் மாரி அர்சாக், பெத்ரோ சுபிஹானா என்ற இரண்டு இளம் சமையல்காரர்கள் பிரெஞ்சு சமையல் மேதை பால் பொக்கூஸ் பேசுவதை மாட்ரிட்டில் கேட்டார்கள். பிரான்ஸுக்கே போய் அவர் சமையலறையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். நம் பாட்டி சமையலை விட்டுவிடாமல், புதுசாகச் செய்தால் என்ன என்று நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு இறங்கினார்கள். ‘புதிய பாஸ்க் சமையல்’ என்று இன்று உலகம் கொண்டாடும் இயக்கம் அப்படித்தான் பிறந்தது. அந்த ஓட்டல்களில் வேலை கற்ற இளைஞர்களில் பலர் பிறகு பார்களின் அடுக்களைக்குள் வந்தார்கள். மிச்செலின் நட்சத்திர ஓட்டலில் ஒரு வேளைக்குக் கொடுக்கும் பணத்தில் நாலைந்து நாள் பின்ச்சோ சாப்பிடலாம் என்பது சாதாரணப் பயணிக்கு எவ்வளவு நல்ல செய்தி!

கடைசியில் இனிப்பு. லா வின்யா பாரில் மேல்புறம் கருகிய சீஸ்கேக். கிரீம் சீஸ், முட்டை, சர்க்கரை, க்ரீம், கொஞ்சம் மாவு. அவ்வளவுதான் சாமான்கள். அடியில் பிஸ்கட் கிடையாது, மேலே பழம் கிடையாது. அந்தக் கடையின் சமையல்காரர் சான்தியாகோ ரிவேரா சுமார் 35 வருடங்களுக்கு முன்பு செய்து பார்த்தது, இன்று சென்னை கஃபேக்கள் வரை ‘பாஸ்க் சீஸ்கேக்’ என்று வந்துவிட்டது. நம் ஊரில் ஒரு துண்டுக்கு வாங்கும் விலையை நினைத்துக்கொண்டே அங்கே சாப்பிட்டால் இன்னும் இனிக்கும்.

லா வின்யா இருக்கும் தெருவின் பெயர்ப் பலகையைப் பலர் கவனிக்காமலே போய்விடுகிறார்கள். ‘ஆகஸ்ட் 31 தெரு’. 1813-ல் நெப்போலியனின் படையிடமிருந்து ஊரை மீட்க வந்தவை பிரிட்டிஷ், போர்ச்சுகீசியப் படைகள். அதாவது, ஸ்பெயினின் நண்பர்கள். ஆகஸ்ட் 31 அன்று உள்ளே நுழைந்த அந்த நண்பர்கள்தான் ஊரைச் சூறையாடினார்கள். தீயில் ஊரே கருகியது. இரண்டு தேவாலயங்களும் இந்தத் தெருவின் ஒரு வரிசை வீடுகளும்தான் மிஞ்சின. பிறகு அதே இடத்தில், கோடு போட்ட மாதிரி நேர்த் தெருக்களாக ஊரை மறுபடியும் கட்டினார்கள். இன்றும் ஒவ்வொரு வருடமும் அந்த ராத்திரியில் தெரு விளக்குகளை அணைத்துவிட்டு, பால்கனிகளில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள்.

ஒரு பொதுப் பணப்பை

சாயங்காலம் 7.30 மணிக்கு மேல் தெருவில் நின்று பார்த்தால் இந்த ஊரின் குணம் புரியும். நாலைந்து பேர் கொண்ட குழு ஒன்று ஒரு பாரிலிருந்து வெளியே வரும். அடுத்த பாருக்குள் நுழையும். பத்து நிமிடத்தில் அங்கிருந்தும் வெளியே வரும். இந்த உலாவுக்கு ‘சிக்கித்தேயோ’ என்று பெயர். குழுவுக்கு ‘குவாத்ரியா’. பள்ளிக்கூட நாளில் சேர்ந்த கூட்டாளிகள் தலை நரைத்த பிறகும் அதே குழுவாகச் சுற்றுவார்கள். ஆரம்பத்திலேயே ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு ஒருவரிடம் கொடுத்துவிடுவார்கள். எல்லாக் கடையிலும் அவரே கொடுப்பார். ‘நான் கொடுக்கிறேன், நீ வை’ என்று பில்லைப் பிடுங்கிக்கொள்ளும் சண்டைக்கே இடமில்லை.

குடிப்பதும் கொஞ்சம்தான். ‘சூரித்தோ’ என்றால் சின்னக் கிளாஸில் ரெண்டு மடக்கு பியர். ‘சாக்கோலி’ என்பது பக்கத்துக் கடலோர ஊர்களில் விளையும் திராட்சையிலிருந்து வரும் புளிப்பு ஒயின். பாட்டிலை உயரத் தூக்கிப் பிடித்து மெல்லிய கம்பியாகக் கிளாஸில் ஊற்றுவார்கள். நம் டீ மாஸ்டர்கள் பார்த்தால் ‘இதெல்லாம் ஒரு உயரமா?’ என்பார்கள். மது தொடாதவர்களுக்கு ‘மோஸ்தோ’ இருக்கிறது. போதை ஏறாத திராட்சைச் சாறு. அதையும் ஆலிவ் காய் போட்டு அழகாகத் தருவார்கள். அதை வாங்கிக்கொண்டு நிற்பவரை யாரும் ஒரு மாதிரி பார்ப்பதில்லை.

கணக்கு விஷயம்தான் இன்னும் அழகு. பழைய பாணிக் கடைகளில் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, கிளம்பும்போது ‘இரண்டு பின்ச்சோ, ஒரு சூரித்தோ’ என்று வாடிக்கையாளரே சொல்வார். கடைக்காரர் அதை நம்பிப் பணம் வாங்கிக்கொள்வார். இப்போது கூட்டம் கூடிவிட்டதால் பல கடைகளில் தட்டைக் காட்டி எண்ணச் சொல்கிறார்கள். இல்லாவிட்டால், சொன்னவுடனேயே கணினியில் தட்டிவிடுகிறார்கள். உள்ளூர்ப் பெரியவர்களுக்கு இது சின்ன வருத்தம் இல்லை.

வருத்தங்கள் இன்னும் உண்டு. பழைய நகரத்தில் மளிகைக் கடையும் ஆணி, பூட்டு விற்கும் கடையும் குறைந்து, நினைவுப் பொருள் கடைகள் கூடிவிட்டன. வீடுகள் சுற்றுலா வாடகைக்குப் போனதால், பிறந்து வளர்ந்த தெருவிலேயே குடியிருக்க முடியாத நிலை பலருக்கு. குடியிருப்பவர்கள் ஊர்வலம் போயிருக்கிறார்கள். நகராட்சியும் புது ஓட்டல்களுக்கும் சுற்றுலா வீடுகளுக்கும் கட்டுப்பாடு கொண்டுவந்திருக்கிறது. கையில் கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் வரும் கூட்டம் ஒரு பாரை நிரப்பிவிட்டால், தினமும் அங்கே வரும் நாலு நண்பர்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டு வேறு பேட்டைக்கு நடந்துவிடுகிறார்கள். அவர்கள் வராத பாரில் பின்ச்சோவின் தரமும் மெதுவாக இறங்குகிறது. ஒரு தடவை மட்டும் வருகிறவருக்கு நேற்றைய ருசியும் தெரியாது, நாளைக்கு அவர் வரப்போவதும் இல்லையே! பளபளவென்று படம் போட்ட மெனு அட்டை வாசலில் நின்றால் தாண்டிப் போய்விடுவது உத்தமம்.

இந்த மக்களுக்கு ஊர் கைவிட்டுப் போவது பற்றிய பயம் புதுசில்லை. இவர்கள் பாஸ்க் இனத்தவர். இவர்கள் பேசும் எயுஸ்கரா மொழிக்கு உலகத்தில் உறவு மொழி என்று நிரூபிக்கப்பட்டது ஒன்றுகூட இல்லை. ஃபிராங்கோ காலத்தில் அந்த மொழியைப் பள்ளிக்கூடத்திலும் பொது இடத்திலும் அடக்கி வைத்தார்கள். தாய்மொழியைச் சொல்லிக்கொடுக்க ரகசியமாகப் பள்ளிகள் நடத்தியவர்கள் இவர்கள். 1979-க்குப் பிறகுதான் அது ஸ்பானிய மொழியோடு சேர்ந்து ஆட்சி மொழியானது. இன்று ஊரின் பெயர்ப் பலகையில் ‘தொனோஸ்தியா’ என்ற பாஸ்க் பெயரும் இருக்கும். பாருக்குள் நுழையும்போது ‘கைஷோ’ என்று வணக்கம் சொல்லி, கிளம்பும்போது ‘எஸ்கெரிக் அஸ்கோ’ என்று நன்றி சொன்னால், கடுகடு கடைக்காரரின் முகம்கூட மாறும். மொழிக்காகப் பாடுபட்ட கதையெல்லாம் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இந்த ஊரைப் பாராட்ட முடியாது. ‘சோக்கோ’ என்று சொல்லப்படும் சமையல் சங்கங்கள் இங்கே 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கின்றன. ஆண்கள் கூடி, தாங்களே சமைத்து, தாங்களே சாப்பிடும் இடம். ஆண்கள் கரண்டி பிடிப்பது நல்லதுதான். ஆனால், பெண்களுக்கு அங்கே நீண்ட காலம் இடமே இல்லை. பிறகு விருந்தாளியாக வரலாம், அடுக்களைக்குள் மட்டும் வரக் கூடாது என்றார்கள். இப்போது பல சங்கங்கள் மாறிவிட்டன. வீட்டில் தினமும் சமைத்த அம்மாக்களின் கைப்பக்குவம்தான் அந்தச் சங்கங்களுக்கே மூலதனம் என்பதை ஒப்புக்கொள்ள இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

சைவமா? கவலை வேண்டாம், கவனம் வேண்டும்!

மீனும் மாடும் பன்றியும் நிறைந்த ஊர் இது. சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. வதக்கிய காளான், உப்புத் தூவிப் பொரித்த கெர்னிக்கா பச்சை மிளகாய், தக்காளி, இதியாசாபால் சீஸ் எல்லாம் கிடைக்கும். முட்டை சாப்பிடுபவர்களுக்கு ஆம்லெட் இருக்கவே இருக்கிறது. ஆனால், ‘சாலட்’ என்று எழுதியிருந்தாலும் உள்ளே சூரை மீன் இருக்கும். காளான்மேல் பன்றித்தொடைத் துணுக்கு தூவியிருப்பார்கள். ‘சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹாமோன்’ என்று மூன்றையும் சொல்லிவிட வேண்டும். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், பன்றித்தொடை வேண்டாம் என்று அர்த்தம். மூன்றாவதைத் தனியாகச் சொல்லாவிட்டால், அது இறைச்சிக் கணக்கில் வராது என்று நினைக்கும் கடைக்காரர்கள் உண்டு!

ஒரு பின்ச்சோ பெரும்பாலும் 3 முதல் 5 யூரோவுக்குள். ஒரு யூரோவை 100 ரூபாய் என்று தோராயமாக வைத்துக்கொண்டால், நாலு கடை ஏறி இறங்க 2,000 ரூபாய்க்குக் குறையாது. மத்தியானம் 12.30 முதல் 2.30 வரை, ராத்திரி 7.30 முதல் 10.30 வரைதான் அடுக்களை சூடாக இருக்கும். மாலை 5 மணிக்குப் பசியோடு போனால் காய்ந்த ரொட்டிதான். ஞாயிறு ராத்திரியும் திங்கட்கிழமையும் பல கடைகள் மூடியிருக்கும். மாட்ரிட்டிலிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ போகலாம். பில்பாவோ விமான நிலையத்தில் இறங்கினால் பஸ்ஸில் சுமார் ஒன்றேகால் மணி நேரம். குடை அவசியம். பூந்தூறலாகப் பெய்துகொண்டே இருக்கும் இந்த ஊர் மழைக்கு ‘சிரிமிரி’ என்று பெயர். தமிழ்க் காதுக்கு எவ்வளவு செல்லமான சொல்!

கூட்டத்துக்கு நடுவே இடிபட விருப்பமில்லாதவர்கள் வியாழக்கிழமை சாயங்காலம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி க்ரோஸ் பேட்டைக்குப் போகலாம். பொருளாதார நெருக்கடி வாட்டிய வருடங்களில் பரவிய ‘பின்ச்சோ-போத்தே’ என்ற வழக்கம் அங்கே இருக்கிறது. அன்று மட்டும் ஒரு பானமும் ஒரு பின்ச்சோவும் சேர்த்துச் சில யூரோவுக்கே தருவார்கள். கல்லூரிப் பிள்ளைகள், ஆபீஸ் முடிந்து வருகிறவர்கள், அலைச்சறுக்குப் பலகையை அக்குளில் இடுக்கியபடி சுரியோலா கடற்கரையிலிருந்து நேராக வருகிறவர்கள் என்று தெருவே நிறைந்துவிடும். ராத்திரி 11 மணிக்குக் கவுன்டரில் தட்டுகள் காலியாகியிருக்கும். கசங்கிய காகித நாப்கின்களையும் பல்குச்சிகளையும் கடைக்காரர் பெருக்கித் தள்ளுவார். வாசலில் இன்னும் நாலு பேர், அடுத்த வியாழக்கிழமை பொதுப் பணம் யார் கையில் என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.